கரையும் கட்டிக்கு ஒரு பட்டை

பிப்ரவரி 9

சுண்டெலி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்குகிறவனைச் சுண்டெலி என்று கூப்பிடலாமா என்று கேட்காதே. வேறு பெயர் என் வாயில் வரவில்லை.

நேற்று எங்கள் தையல் கொட்டகைக்குத் தார்ப்பாய் ஏற்ற வந்த லாரி டிரைவர் உங்கள் குடோனுக்கும் போகிறவராம். பேச்சோடு பேச்சாக, "உங்க தம்பி ஆஸ்பத்திரியில கிடந்தாரே, இப்ப தேவலையா?" என்று கேட்டார். "எந்தத் தம்பி?" என்றேன். அவர் முழித்தார். "எத்தனை தம்பிம்மா வச்சிருக்கீங்க?" என்றார். ஒரே தம்பிதான். அவனுக்கு வந்ததை ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்ததாம். தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடி உன் வயிற்றுக் குழியில் இடித்ததாம். ஒரு நாள் முழுக்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாயாம், மறுநாள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தாயாம். இவ்வளவும் அவருக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் உனக்குத் தண்ணீர் கொடுத்தது யார், துணி அலசியது யார் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

நம் சண்டையை இந்தக் கடிதத்தில் நான் எடுக்கப் போவதில்லை. உன் அத்தானுக்குக் குடல் அடைத்துக்கொண்டபோது, "அறுத்தாதான்க்கா பிழைப்பார், கையெழுத்துப் போடு" என்று நீ சொன்னாய். நான் போட்டேன். உள்ளே போனவர் கண் திறக்கவில்லை. வராந்தாவில் எல்லார் முன்னாலும் "நீதான்டா அவரைக் கொன்ன" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதை எடுக்கப் போவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை.

உன் அறைக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போன் பண்ணிக் கூப்பிடலாம். கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார், நீயும் "நல்லா இருக்கேன்க்கா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுது. கோபம் இருந்தால் கோபத்தோடு எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

தார்ப்பாய் மகாராணி என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. கோபமாக இருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் கொடுத்தது மொட்டை. துணி அலசியதும் மொட்டை. என்னோடு அறையில் இருப்பவன், தலையில் ஒரு முடி கிடையாது, வாய் மட்டும் ஏழு ஊருக்கு நீளம். நான் மூக்கில் குழாயோடு கிடந்தபோது பக்கத்துக் கட்டில் நோயாளியின் சாப்பாட்டையும் இவனே சாப்பிட்டுக் கொழுத்துவிட்டான்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். ஆனால் முடிந்துவிடவில்லை. உடம்பு குச்சியாகிவிட்டது, மேல்வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது. நாலு வாய் சாப்பிட்டால் அடைக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். சாத்துக்குடி அளவில் ஒரு கட்டி.

பயப்படாதே, முழுதும் படி. டாக்டரம்மா தன் கையை முஷ்டியாக மடக்கி, மற்றக் கையால் மூடிக் காட்டினார். "இரைப்பைக்குப் பின்னாடி கணையம்னு ஒன்னு ஒளிஞ்சிருக்கு. அடிபட்டதுல அது கசிஞ்சிருக்கு. கசிஞ்ச நீரைச் சுத்தி உடம்பே ஒரு பை கட்டியிருக்கு. இது நிஜக் கட்டி இல்ல, போலிக் கட்டி" என்றார். மொட்டை சும்மா இருப்பானா? "இவன் கட்டுற வாட்ச் போலி, போடுற சென்ட் போலி, கடைசில கட்டியும் போலியா டாக்டர்?" என்றான். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

"என்ன மருந்து?" என்று கேட்டேன். "இப்போதைக்குக் காத்திருக்கிறதுதான் மருந்து. நிறையப் பேருக்குத் தானா வத்திடும். வத்தலேன்னா வாய் வழியா குழாய் விட்டு, இரைப்பையிலிருந்து அந்தப் பைக்கு ஒரு ஓட்டை போட்டு, நீரை உள்ளேயே வடிய விடுவோம். அதுக்கும் பையோட சுவர் கெட்டிப்படணும். இப்ப கை வச்சா பிஞ்சிடும்" என்றார். எண்ணெய் கூடாது, குடி கூடாது, மூட்டை கூடவே கூடாது.

வேலை செய்து பழகியவனைக் காத்திரு என்றால் என்ன செய்வது? காலையில் எல்லாரும் குடோனுக்குப் போனபின் நான் அறையில் உட்கார்ந்து என் வயிற்றையே பார்க்கிறேன். அதுவும் என்னைப் பார்க்கிறது.

அத்தான் பேச்சை எடுக்கப் போவதில்லை என்று எழுதிவிட்டு அத்தனை வரி எழுதியிருக்கிறாய். நான் நிஜமாகவே எடுக்கப் போவதில்லை.

தம்பி


பிப்ரவரி 26

சுண்டெலி,

ஓட்டை போட விடாதே.

குழாய் என்பார்கள், சின்ன ஓட்டை என்பார்கள். உன் அத்தானுக்கும் சின்னதாகத்தான் என்றார்கள். வெளியே கொண்டுவந்து காட்டியபோது நெஞ்சிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை தையல். அந்தத் தையலை இன்னும் நான் பார்த்துக்கொண்டேதான் தைக்கிறேன். மிஷினில் துணி ஓடுகிறது, கண்ணில் அவர் வயிறு ஓடுகிறது. பெற்றவர்கள் போய்விட்டார்கள், கட்டியவர் போய்விட்டார். உன்னை அந்த மேஜையில் படுக்க வைக்கச் சம்மதிக்க மாட்டேன். நீ இருக்க வேண்டும், சண்டை போட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும்.

இதோடு ஒரு பட்டை அனுப்புகிறேன், டிரைவர் கொண்டுவந்து தருவார். மூட்டை தூக்குகிறவர்கள் வயிற்றில் என்ன வந்தாலும் துண்டை இறுக்கிக் கட்டுவீர்கள். குடல் இறங்கினால் துண்டு, வாயு என்றால் துண்டு, பொண்டாட்டி போனாலும் துண்டு. துண்டு நழுவும். இது நழுவாது. லாரித் தார்ப்பாய்க்குப் போடும் கெட்டித் துணி, நாலு மடிப்பு, ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்திருக்கிறேன். பின்னால் குத்தாமல் இருக்க உள்ளே பழைய கம்பளி. முன்னால் பித்தளை வளையம் ஆறு அடித்திருக்கிறேன், வயிறு வற்ற வற்ற அடுத்த வளையத்தில் இழுத்துக் கட்டு.

எனக்கு உங்கள் ஸ்கேன் தெரியாது. தார்ப்பாய் தெரியும். மழைத்தண்ணீர் தார்ப்பாயில் தேங்கித் தொந்தி மாதிரித் தொங்கும். ஓட்டையா போடுவோம்? அடியில் கை கொடுத்து அழுத்தினால் தண்ணீர் தானாக ஓரம் பார்த்து ஓடிவிடும். உன் வயிற்றில் தேங்கியதும் தண்ணீர்தானே? அழுத்திப் பிடித்தால் அதற்கும் ஒரு வழி தெரியும்.

கொட்டகையில் மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின் இருந்து தைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "யானைக்கா?" என்றார். "எலிக்கு" என்றேன்.

வலி எப்படி என்று நீ எழுதவே இல்லை.

அக்கா


மார்ச் 22

மகாராணி,

இனி தாராளமாக எழுதலாம். கட்டி வற்றுகிறது!

முதலில் உன்னிடம் ஒரு சண்டை. பட்டையின் உள்பக்கம் சிவப்பு நூலில் "சுண்டெலி" என்று தைத்திருக்கிறாய். மொட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். அன்றிலிருந்து குடோனில் மேஸ்திரி முதல் லாரி கிளீனர் வரை, "ஏய் சுண்டெலி, பொறி வச்சிருக்கோம் வா" என்கிறார்கள். என் மானம் கப்பலேறிவிட்டது.

கட்டிக்கொண்ட முதல் வாரம் மூச்சு முட்டியது. அப்புறம் பழகியது. மூன்றாவது வளையத்துக்கு வந்தேன். சோறு முன்னைவிட இறங்குகிறது. நேற்று ஸ்கேன். சாத்துக்குடி எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன?" என்றார்.

"எங்கக்கா தச்சது. இதுலதான் வத்துச்சு."

"கழட்டுங்க முதல்ல. வயித்தை இறுக்கவே கூடாது. இது தானா வத்துது."

"தானா எப்படி டாக்டர் வத்தும்?"

"உடம்பு உறிஞ்சிக்கும். கசிவு நின்னுடுச்சு, பை சுருங்குது. நாங்களும் ஒன்னும் பண்ணல, உங்கக்காவும் ஒன்னும் பண்ணல."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஒன்றும் செய்யவில்லை, அது சரி. நீ எப்படி ஒன்றும் செய்யவில்லை? அவர் எதிரில் கழற்றினேன், படிக்கட்டு இறங்கியதும் கட்டிக்கொண்டேன்.

இன்னும் ஒரு ஸ்கேன் இருக்கிறதாம். கையில் மருந்து ஏற்றி எடுப்பது. "கட்டி வத்தினா மட்டும் போதாது. அந்த நீர் சும்மா இருக்காது, பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயை அரிக்கும். குழாய் பத்திரமா இருக்கான்னு பாக்கணும். அதுவரைக்கும் மூட்டைப் பக்கம் போகாதீங்க" என்றார். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வலி என்று கேட்டாயே. இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை.

சுண்டெலி (வேறு வழியில்லாமல்)


மார்ச் 30

என் சுண்டெலி,

உன் கடிதத்தைக் கொட்டகையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "கட்டி வற்றுகிறது" என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் படித்தேன். வளையம் அடிக்கிற கிழவர், "அப்ப எனக்கும் ஒன்னு தச்சுக் குடு, என் பொண்டாட்டி வாயில கட்டணும்" என்றார். இத்தனை மாதத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு அழுகை வந்துவிட்டது, கழிவறைக்குப் போய் நின்றேன்.

டாக்டரம்மா சொல்வதைக் கேள். மூட்டை தூக்காதே. ஆனால் பட்டையை அவிழ்க்காதே. இரண்டையும் எப்படிக் கேட்பது என்று என்னைக் கேட்காதே. அவர் படித்தவர், சொல்லட்டும். வற்றியது வற்றியதுதானே?

ஒன்று மட்டும் மனதில் கிடந்து அரிக்கிறது. எழுத வேண்டாம் என்று பார்த்தேன். உனக்கு வயிற்றில் வந்தது தானாகச் சரியாகிறது. அறுக்காமல், குத்தாமல். அப்படியென்றால் உன் அத்தானுக்கும் காத்திருந்தால் சரியாகியிருக்குமே? ஏன் அவ்வளவு அவசரப்பட்டோம்? ஏன் நீ அப்படி அவசரப்பட்டாய்?

வேலை இல்லாத நேரத்தில் இங்கே வந்துவிட்டுப் போகலாம். உன் கட்டிலில் துணி மூட்டை கிடக்கிறது, எடுத்துவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை. நீ கேட்டதற்குப் பதில்.

மாத ஆரம்பத்தில் வலி மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் அத்தானுக்கு என்ன வந்தது, எத்தனை நாள் வயிறு வீங்கியிருந்தது, வாந்தி எப்படி இருந்தது எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அது முறுக்கிக்கிட்ட குடல். அது தானா பிரியாது. அறுக்காம விட்டிருந்தா அன்னைக்கு ராத்திரியே போயிருப்பார். அறுத்ததுதான் சரி. சில நேரம் சரியானதைச் செஞ்சும் பிழைக்க மாட்டாங்க" என்றார். அப்புறம் சொன்னார், "சில வியாதிக்குக் காத்திருக்கணும். சில வியாதிக்குக் காத்திருக்கக் கூடாது. ரெண்டுக்கும் வயிறு ஒரே மாதிரிதான் வீங்கும்."

நான் சரியாகத்தான் சொன்னேன் அக்கா. நீயும் சரியாகத்தான் கையெழுத்துப் போட்டாய். அத்தான் செத்தார். வராந்தாவில் நீ சொன்னதை நான் இங்கே ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டே திரிந்தேன். எந்த மூட்டையையும் இறக்கி வைக்க ஒரு இடம் இருக்கும், இதற்கு இல்லை. "நீ கொல்லலடா" என்று ஒரு வரி எழுது. அது போதும்.

மற்றபடி நலம். கப்பல் வந்திருக்கிறது, குடோன் நிரம்பி வழிகிறது. ஆள் பற்றவில்லை. நான் சின்ன மூட்டையாகத் தூக்குகிறேன், பட்டையோடுதான். ஐந்தாவது வளையம் வந்துவிட்டது. முதுகில் மட்டும் லேசாக ஒரு குத்தல், கொஞ்ச நாள் தூக்காமல் இருந்ததால்தான். ஸ்கேன் தேதி போன வாரம் வந்து போய்விட்டது. கப்பல் போகட்டும், போகிறேன். கட்டிதான் கையில் தட்டுப்படவே இல்லையே.

குடோனில் நாலு பேர் பட்டை கேட்கிறார்கள். சுண்டெலி பட்டை என்று பெயரே வந்துவிட்டது.

தம்பி


மே 1

சுண்டெலி,

கடைக்கு மூன்று தரம் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. இதைப் பார்த்தவுடன் பட்டையைக் கழற்று. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முதுகில் குத்தல் என்று எழுதியிருந்தாயே, அதை மருந்துக்கடை அம்மாவிடம் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கட்டி இருந்தவருக்குப் புதுசா முதுகு வலியா? ஸ்கேனுக்குப் போகலையா? தூக்குறாரா?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கம்மா" என்றார். கப்பல் எக்கேடோ கெடட்டும். மேஸ்திரி கேட்டால் அக்கா செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போ.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். அதைக் காகிதத்தில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடுத்துக்கொண்டு நேராக இங்கே வா. வாசலிலேயே சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 6

சுண்டெலி,

எங்கே அனுப்புவது என்று தெரியாத கடிதம். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்காதே என்று உன்னிடம் சொன்னவள் நான்தானே.

என் மே மாதக் கடிதத்தை மொட்டை ஒட்டியது ஒட்டியபடியே என் கையில் கொடுத்தான். அது வந்து சேர்ந்தபோது உன்னைப் பிணவறையில் வைத்திருந்தார்கள். மத்தியானம் மூட்டையை இறக்கிவிட்டு, "மொட்ட, கண்ணு இருட்டுதுடா" என்றாயாம். அவன் நீ விளையாடுகிறாய் என்று நினைத்து, "பூனை வந்திருக்கும், பாத்துக்கோ" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லா ரத்தமும் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டதாம்.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். நீ எழுதியதிலிருந்து வயசானவர் என்று நினைத்திருந்தேன், சின்னப் பெண். என்னை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒன்றுதான் கேட்டேன். "நான் தச்ச பட்டையாலதானே?"

"இல்லம்மா. கட்டி தானா வத்துச்சு. பட்டை இல்லேன்னாலும் வத்தியிருக்கும். ரத்தக்குழாயை அரிச்சது அந்த நீர். அது பாட்டுக்கு அரிச்சது. இறுக்கினது நல்லதில்ல, ஆனா அதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப எதனால?"

"ஸ்கேனுக்கு வந்திருந்தா பாத்திருப்போம். குழாய் வழியாவே அந்த இடத்தை அடைச்சிருக்கலாம்" என்றார்.

ஏன் நீ போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாவது வளையம் வந்தவன் எதற்கு ஸ்கேனுக்குப் போகிறான்?

ஒரு கோபம் வருகிறது உன் மேல். சொன்னால் கேட்கிறவனா நீ? பாதியைக் கேட்பாய், உனக்குப் பிடித்த பாதியை. டாக்டர் தூக்காதே என்றார், நானும் தூக்காதே என்றேன். பட்டையை அவிழ்க்காதே என்றும் நான்தான் சொன்னேன். நீ அதைத்தான் கேட்டாய். அக்கா பேச்சைக் கேட்கிறானாம்.

நீ கேட்ட வரியை உன்னை மண்ணில் இறக்கும் முன் குனிந்து உன் காதில் சொன்னேன். நீ கொல்லலடா என்றேன். மொட்டைக்குக் கேட்டிருக்கும். வேறு யாருக்கும் கேட்கவில்லை. உனக்கும்.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்கு மேல் மிஷினில் உட்காரவில்லை. நேற்றுதான் உட்கார்ந்தேன். இன்று காலையில் அந்த டிரைவர் உங்கள் குடோனிலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார். உன்னைவிடப் பெரியவர், கன்னம் ஒட்டிப்போனவர், சட்டைக்குள் வயிறு தனியாக நிற்கிறது. பார்த்தவுடன் மிஷினை நிறுத்தினேன்.

"அம்மா, சுண்டெலிக்குத் தச்சீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒன்னு வேணும்" என்றார்.

"அவன் செத்துட்டான்யா" என்றேன்.

"அது ரத்தக்குழாயாலங்கம்மா. கட்டி பட்டையாலதான் வத்துச்சு. நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோமே."

"கட்டி தானா வத்துச்சு. டாக்டர் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போயிட்டுத்தாம்மா வரேன். எனக்கும் போலிக் கட்டிதானாம். காத்திருங்க, திரும்ப ஸ்கேனுக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வயித்துல இதை வச்சுக்கிட்டு சும்மா எப்படிம்மா காத்திருக்கிறது? கையில ஏதாவது குடுத்தாத்தானே மனுஷன் காத்திருப்பான்?"

உன் குரலில் கேட்கிற மாதிரியே இருந்தது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

தைக்க மாட்டேன் என்றால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார், பார்த்தாலே தெரிகிறது. இறுக்காத மாதிரித் தளர்வாக ஒன்று தைத்துக் கொடுத்து, ஸ்கேனுக்குப் போகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கலாம். சத்தியம் பண்ணுவார். நீயும்தான் போகிறேன் என்று எழுதினாய். அவர் கட்டி வற்றுகிற கட்டியாகவே இருக்கலாம், அப்போது பட்டையால் வற்றியது என்பார், இன்னும் பத்துப் பேர் வருவார்கள். விரட்டிவிட்டால் நல்லது செய்தேனா, கைவிட்டேனா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

எதிரில் கெட்டித் துணி விரித்துக் கிடக்கிறது. கத்திரி அதன் மேல் இருக்கிறது. லாரி திரும்பி வரும் வரை அவருக்கு நேரம் இருக்கிறது, கொட்டகை வாசலில் தார்ப்பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு.

நீ அவரோடு வேலை செய்தவன். நான் வெளியே போய் அவரிடம் என்ன சொல்லட்டும்?